புதன்கிழமைப் பதினைந்து நிமிடம்

எட்டுப் புதன்கிழமைகளாக அந்த அறையில் மின்விசிறி சுற்றியது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் தண்ணீர்ப் பானை. பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை மனநல டாக்டர் இஸ்மத் உட்கார்ந்திருப்பார். எதிர் நாற்காலியில் உட்கார ஒருவர்கூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஓடாததை ஓடவைப்பது என் தொழில். சூலூர் சாலையில் இருக்கும் அந்த ஃபவுண்டரியில் நான் பராமரிப்பு மேஸ்திரி. தண்ணீர் பம்புகளுக்கான இரும்பு உறைகளை வார்க்கிற இடம் அது. ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் உள்ளே கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அதுவும் சரியாக இருந்தால் ஏதோ ஒன்று தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பொறுமையாகத் தேடினால் காரணம் எப்படியும் கிடைத்துவிடும்.

அந்த அறைக்கும் அப்படித்தான் பார்த்தேன். டாக்டர் நல்லவர், அவசரப்படாமல் கேட்பவர். வேலை நேரத்திலேயே போகலாம். விருப்பப்பட்டவர் யாரும் போகலாம் என்று முதலாளி பங்காரு உலைக்கு முன்னால் நின்று தன் வாயால் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஓடவில்லை.

எல்லோரும் வரவேண்டும் என்பதல்ல என் கவலை. ஒரே ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவன் பெயர் மாசாணம்.

மாசாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் லேடிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலையில் உருகிய இரும்பை மணல் அச்சுகளுக்குக் கொண்டுபோகும் பாத்திரம் அது. அண்டா போல இருக்கும், உள்ளே களிமண் பூசியிருக்கும். நீளமான ஒரு கம்பியின் நடுவில் வளையம், வளையத்துக்குள் பாத்திரம். இரண்டு பேர் தூக்க வேண்டும். முன்னால் போகிறவன் கையில் நேர்க் கம்பி. பின்னால் வருகிறவன் கையில் கவட்டை போன்ற பிடி. அதைத் திருப்பினால் பாத்திரம் சாயும், இரும்பு அச்சுக்குள் இறங்கும். ஆகவே பார்ப்பதும் சாய்ப்பதும் பின்னால் இருப்பவன் வேலை. முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் இரும்பை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலேயே நடக்க வேண்டும்.

அந்த நடையில் ஒரு நுட்பம் உண்டு. இருவரும் ஒரே காலை எடுத்து வைக்கக் கூடாது. ஒருவர் இடது காலை வைக்கும்போது மற்றவர் வலது காலை வைக்க வேண்டும். ஒரே காலை வைத்தால் இரண்டு பேருடைய அசைவும் ஒன்றாகச் சேர்ந்து பாத்திரம் தொட்டில் மாதிரி ஆடும். மாற்றி வைத்தால் ஒருவர் அசைவை மற்றவர் அசைவு தின்றுவிடும். இரும்பு கண்ணாடி போல நிற்கும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சலித்ததே இல்லை எனக்கு.

பதினொரு வருடம் மாசாணம் முன்னால் நடந்தான், காளிச்சாமி பின்னால் வந்தான். ஒரு சொட்டு சிந்தியதில்லை. காளிச்சாமி 'ம்' என்று ஒரு சத்தம் கொடுப்பான், மாசாணம் நடப்பான். இன்னொரு 'ம்', நின்றுவிடுவான். இரண்டு பேருக்கும் நடுவில் அதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், மூன்று மணி டீயின்போது, நாங்கள் ஏழெட்டுப் பேர் மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். காளிச்சாமி டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"தூக்கம் வந்து நாப்பது நாளாச்சு மாசாணம்," என்றான். "படுத்தா நெஞ்சு மேல ஆரோ ஏறி உக்காந்திருக்கறாப்பல இருக்குது."

"அப்ப ஒண்ணு பண்ணு," என்றான் மாசாணம். "வாட்ச்மேன் சோலிக்கும் எழுதிக் குடுத்துரு. எப்படியும் முழிச்சுட்டுத்தான கெடக்கறே!"

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. காளிச்சாமியும் சிரித்தான். "அதுவுஞ் செரிதான்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கையுறையை மாட்டிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்குத் தகவல் வந்தது. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டிருந்தான்.

எழவு வீட்டில் மாசாணம் அழவில்லை. பாடைக்குத் தோள் கொடுத்த நான்கு பேரில் அவன் முன்பக்கம் நின்றான். தூக்குவதற்கு முன் என் பக்கம் திரும்பி, "அண்ணா, எந்தக் கால மொதல்ல வெக்கறதுங்க?" என்று கேட்டான்.

அந்த அறை வந்தது அதற்குப் பிறகுதான். முதலாளியின் மனைவி ராமாமணியம்மாள் காளிச்சாமி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வந்தார். பிறகு ஆர்.எஸ்.புரத்தில் தேடி டாக்டர் இஸ்மத்தைப் பிடித்தது அவர்தான். புதன்கிழமை தோறும் முதலாளியின் அம்பாசிடர் போய் டாக்டரை அழைத்து வரும். மருந்தறைக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறையை நானே ஒழித்து, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டினேன். இன்னொன்றும் செய்தேன். அதைச் செய்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் ஃபவுண்டரியில் டைம் ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய மரப்பலகை உண்டு. நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன். எந்தப் பகுதியில் வேலை செய்கிறோமோ அந்தப் பகுதியின் ஆணியில் நம் டோக்கன் தொங்கும். அங்கிருந்து நகர்ந்தால் டோக்கனை எடுத்து, போகிற இடத்தின் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்: ஸ்டோர், கேன்டீன், மருந்தறை என்று. நெருப்போடு வேலை செய்கிற இடம். ஏதாவது ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் அல்லவா? அந்தப் பலகையை யோசித்துச் செய்தவன் நான்தான். ஆகவே புதிய அறைக்கும் ஒரு புதிய ஆணி அடித்தேன். அதற்கு மேலே மஞ்சள் பெயிண்டில், தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி, 'மனநல ஆலோசனை' என்று எழுதினேன்.

எட்டு வாரமும் அந்த ஆணி காலியாகவே இருந்தது.

மாசாணமோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தான். காளிச்சாமியின் இடத்தில் கௌதமன் பின்பிடிக்கு வந்திருந்தான். கெட்டிக்காரன், வயது முப்பது, பலசாலி. ஆனால் நடை சேரவில்லை. மாசாணம் கிளம்பும் முன் ஒரு நொடி தயங்குவான், ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பவன் போல. கௌதமன் "போலாங்கண்ணா" என்பான். அதைக் கேட்டதும் மாசாணம் திடுக்கிட்டு ஏதோ ஒரு காலை எடுத்து வைப்பான். சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியைத் திறக்காமல் வைத்திருந்து நாய்க்குப் போட்டான். அவன் கண்ணுக்குக் கீழே காளிச்சாமிக்கு இருந்த அதே கறுப்பு. காளிச்சாமியிடம் ஒருமுறை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இரண்டாம் முறையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் புதன்கிழமை, யாராவது முதலில் போனால் மற்றவர்களும் போவார்கள் என்று கணக்குப் போட்டு, என் டோக்கனையே எடுத்து அந்த மஞ்சள் எழுத்தின் கீழ் மாட்டினேன். சோதனைக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார்.

"சொல்லுங்க சாமுவேல்," என்றார்.

நான் லேடிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கம்பி, கவட்டை, கால் மாற்றி வைக்கிற முறை எல்லாம் விளக்கினேன். அவர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், "அந்த ரெண்டு பேர்ல இப்ப யார் இல்லை?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்பது அவருக்கும் எனக்கும் உள்ளது. வெளியே வரும்போது மணி பதினொன்று ஐம்பது. நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பலகை நகர்ந்தது போல இருந்தது. கண் சிவந்திருந்தது.

அச்சுக்குள் வைக்கும் மணல் கருக்களைச் செய்கிற கோர் பகுதியில் வேலை செய்யும் வெங்கடம்மாள் பார்த்துவிட்டாள். அந்த அம்மாளின் வாய்க்கு முதலாளியே பயப்படுவார்.

"ஏனுங் மேஸ்திரி, மரை கழண்டுபோச்சுங்ளா? நீங்கதான எங்களுக்கெல்லாம் முடுக்கி உடறவரு!"

பட்டறையே சிரித்தது. அதில் கெட்ட எண்ணம் இல்லை. டீ நேரத்தில் நாங்கள் சிரித்த அதே சிரிப்புதான். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை. உலைக்குக் காற்று ஊதும் விசிறியின் பெல்ட்டை மாற்ற ஏணியில் ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த பெரியவர் என் காலைத் தொட்டு, "நீங்க எறங்குங்க மேஸ்திரி. வேற ஆராச்சும் ஏறட்டும். உங்களுக்கு இப்ப... ஒடம்பு செரியில்லைங்கல்ல," என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். இருபது வருடமாக ஏறிய ஏணி அது.

அன்று மாலை மாசாணத்தைத் தனியாகப் பிடித்தேன். பம்பு உறைகளில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நானே போயிட்டு வந்தேன் பாத்தியல்ல. ஒண்ணும் பண்ணறதில்லை. சும்மா பேசறதுதான். நீ ஒருக்கா போயிட்டு வா."

"உங்களுக்குச் செரிங்கண்ணா. நீங்க போனா மேஸ்திரி ஏதோ யோசனையா இருக்கறாருன்னுட்டு உட்டுருவாங்க."

"எங்க உட்டாங்க? ஏணியில இருந்தே எறக்கிப் போட்டாங்க."

அவன் லேசாகச் சிரித்தான். சிரித்து எத்தனை மாதம் ஆகியிருக்கும்! பிறகு மணல் தட்டும் கம்பியைக் கீழே வைத்தான்.

"அதேதானுங்கண்ணா நானுஞ் சொல்றேன். உங்கள ஏணியில இருந்து எறக்கினாங்க. என்ன லேடில்ல இருந்து எறக்குவாங்க. கிறுக்கு புடிச்சவன் முன்னால நடக்க, காய்ச்சின இரும்பத் தூக்கிட்டு ஆரு பின்னால வருவா? கௌதமன் வருவானுங்ளா? அவனூட்டுல உடுவாங்ளா?"

"அதுக்காக இப்படியே—"

"அந்தக் கம்பியப் புடிச்சிருக்கறப்பதானுங்கண்ணா அவன் பின்னால வர்றாப்பல இருக்குது. அதையும் புடுங்கிக்காதீங்க."

மணல் தட்டும் கம்பியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனால் முயற்சியை நிறுத்தவில்லை. மறுவாரம் பெயரை மாற்றினேன்: 'பொது ஆலோசனை'. யாரும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஆணியையே பிடுங்கினேன். இந்த அறைக்கு மட்டும் டோக்கன் மாட்ட வேண்டியதில்லை, யாருக்கும் தெரியாமல் போய் வரலாம் என்று ஒவ்வொரு பகுதியாகப் போய்ச் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஒருவனுடைய டோக்கன் எந்த ஆணியிலும் இல்லை என்றால் அவன் எங்கே இருக்கிறான் என்று பட்டறை முழுக்க யோசிக்கும். அதுவும் புதன்கிழமை பதினொரு மணி என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு ஆளை மறைக்க மறைக்க அவன் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறான். இது எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. மறைக்க முடியவில்லை என்பது புரிந்தது. வேறு என்ன செய்வது என்பது புரியவில்லை.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மதியம் வார்ப்பு நடந்துகொண்டிருந்தது. நான் உலைப் பக்கம் நின்றிருந்தேன். மாசாணமும் கௌதமனும் நிறைந்த லேடிலோடு கிளம்பினார்கள். முதல் எட்டிலேயே பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் இடது கால். அடுத்து இரண்டு பேரும் வலது கால். பாத்திரம் ஆட ஆரம்பித்தது. "கால மாத்து!" என்று கத்தினேன். விசிறி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஏழாவது எட்டில் ஒரு குவளை அளவு இரும்பு விளிம்பைத் தாண்டித் துள்ளியது. தரை மணலில் ஈரம் இருந்திருக்க வேண்டும்; ஈரத்தில் காய்ச்சிய இரும்பு விழுந்தால் தண்ணீர் சட்டென்று ஆவியாகி இரும்பைச் சிதறடிக்கும். மாசாணத்தின் இடது காலணிக்குள் அது போயிற்று.

அவன் கம்பியை விடவில்லை. விட்டிருந்தால் மொத்த இரும்பும் தரையில் கொட்டிக் கௌதமன் மேலும் சிதறியிருக்கும். "மெல்ல, மெல்ல," என்று சொல்லிக்கொண்டே குனிந்து, பாத்திரத்தைச் சமமாகத் தரையில் வைத்து, "வெச்சாச்சா?" என்று கேட்டு, கௌதமன் "வெச்சாச்சுங்கண்ணா" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். நான் ஓடிப்போய்க் காலணியை அறுத்தேன். அப்போதும் அவன் கத்தவில்லை. "காளிச்சாமிக்கு ஒண்ணுமில்லையே?" என்றுதான் கேட்டான். கௌதமன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மூன்று விரல்கள் போயின. இனி லேடில் தூக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மார்கழியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆரும் வர்றதில்ல சாமுவேலு. அந்தம்மா எத்தன நாளைக்குச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கும்? பொங்கலோட நிறுத்திக்கலாம்," என்றார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாசாணத்தைப் பார்க்கப் போனேன். சூலூருக்கு அந்தப் பக்கம், தறிச் சத்தம் ஓயாத ஒரு லைன் வீடு. அவன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி கருப்பாத்தாள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். எந்நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், சோறு இறங்குவதில்லை என்று வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"அந்த ரூம மூடப் போறாங்க மாசாணம்," என்றேன். "இன்னும் ஒரே ஒரு புதங்கெழமதான் இருக்குது."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எந்த ரூமுங்கண்ணா? அந்த டாக்டரம்மா ரூமுங்ளா?" என்றாள் கருப்பாத்தாள். "இவரு எங்கீங்க போவாரு! ஊசி போட்டுக்கறதுக்கே கண்ணுல தண்ணி உடற ஆளு."

"ஆரு உட்டா?" என்றான் மாசாணம்.

"நீங்கதான். வருசா வருசம் கம்பெனியில தடுப்பூசி போட்டுட்டு வந்தா, கையத் தூக்க முடியலீன்னு என்னையத்தான சோத்தப் பெசஞ்சு குடுக்கச் சொல்றீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இரும்போடு வேலை செய்கிறவர்களுக்கு வருடா வருடம் மருந்தறையில் ஊசி போடுவோம். அவன் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

"அத்தன பயம்னா எதுக்கு மாசாணம் போட்டுக்கறே? எங்கிட்டச் சொல்லியிருந்தா உட்டிருப்பனே."

"எல்லாத்துக்கும் போட்டாங்க. எங்க நம்பர் வந்துது, போனேன்," என்றான். "போறவனையா ஏன்னு கேக்கறாங்க? போகாம நின்னாத்தானுங்கண்ணா இவன் எதுக்கு நிக்கறான்னு கேப்பாங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

கருப்பாத்தாள் உள்ளே போனாள். தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாசாணம் கால் கட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு நீங்களும் சிரிச்சீங்கண்ணா."

"சிரிச்சேன்."

"அவனுஞ் சிரிச்சான்."

"ஆமா மாசாணம்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"எல்லாருமா?" என்றார் முதலாளி. "எங்க கம்பெனியில அத்தன பேருக்கும் கிறுக்குன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்றயா சாமுவேலு?"

"இல்லீங்க. அத்தன பேரும் போனா ஆருக்குமே இல்லைன்னு ஆயிருமுங்க."

உள்ளே கதவோரம் ராமாமணியம்மாள் நின்றிருந்தார். "அவரு சொல்றபடி செய்யுங்க," என்றார். அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஒருவருக்குக் கால் மணி நேரம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பதினாறு பேர். நூற்றுப் பன்னிரண்டு டோக்கனுக்கு ஏழு புதன்கிழமை. ஏழு வாரத்துக்கு ஒருமுறை சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வந்தவர் எல்லோருக்கும் டாக்டரம்மா முதலில் ரத்த அழுத்தம் பார்ப்பார். மிச்ச நேரத்தில் பேசலாம், பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் கால் மணி முடியாமல் கதவைத் திறக்கக் கூடாது.

டாக்டர் இஸ்மத் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். "ஒருத்தர் ரொம்பக் கஷ்டத்துல இருந்தா அவரை ஏழு வாரம் காத்திருக்கச் சொல்ல முடியாதே. அடுத்த வாரமே வரச் சொல்லணும். அப்படிச் சொன்னா மறுபடி எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே?" என்றார்.

அதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு வாரமும் மதியம் ஆறு பேரை மறுபடி கூப்பிடுவது என்று வைத்தோம். அதில் மூன்று பேர் டாக்டரம்மா தேர்ந்தெடுப்பவர்கள். மற்ற மூன்று பேரை, எண் எழுதிய சீட்டுகளைப் போட்டு வைத்த டப்பாவிலிருந்து அவரே கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். யார் எந்த மூன்றில் இருக்கிறார்கள் என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மறுபடி கூப்பிட்டார்கள் என்பதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

முதல் புதன்கிழமை வெங்கடம்மாளின் எண் ஐந்தாவதாக வந்தது. "ரெண்டு வார்த்த பேசறதுக்குக் கால் மணி நேரமா? நானெல்லாம் நாள் பூராப் பேசுவேன்!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். வெளியே வந்ததும் நேராகக் கோர் மேசைக்குப் போய், சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை. கேட்பவனும் அடுத்த வாரம் உள்ளே போக வேண்டியவன்தான்.

மூன்றாம் வாரத்தில் நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் வந்தன. நாற்பத்தொன்று மாசாணம், அவன் இன்னும் வீட்டில் இருந்தான். நாற்பத்திரண்டு காளிச்சாமியின் எண். பழைய பெயர்ப் பட்டியலைப் பார்த்து வரிசை எழுதியபோது அதை நான் அடிக்க மறந்திருந்தேன். டாக்டரம்மா அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அடுத்த சுற்றுக்கு நாற்பத்திரண்டை எடுத்துவிடலாமா என்று டைம் ஆபீஸில் கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொன்னேன்.

மாசாணம் சித்திரையில் கையில் ஊன்றுகோலோடு வந்தான். கோர் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். லேடில் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். கௌதமனுக்கு முன்னால் இப்போது வேறொருவன் நடக்கிறான். அவர்களுக்கு நடை சேர்ந்துவிட்டது. அதை மாசாணம் சத்தத்தை வைத்தே கண்டுகொண்டிருப்பான்.

வைகாசியில் நாற்பத்தொன்றின் முறை வந்தது. எண்ணைக் கூப்பிட்டதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான். யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு முன் நாற்பது, அதற்கு முன் முப்பத்தொன்பது போயிருந்தார்கள். கதவு மூடியது. கால் மணி ஆயிற்று. அடுத்தவர் தட்டினால்தான் கதவைத் திறப்பது வழக்கம். நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. கதவு இன்னொரு கால் மணி மூடியே இருந்தது.

உள்ளே அவன் பேசினானா, சும்மா உட்கார்ந்திருந்தானா என்பது எனக்குத் தெரியாது. மறுவாரம் அவனைக் கூப்பிட்டார்கள். அந்த வாரம் என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தேர்ந்தெடுத்தாரா, சீட்டு எடுத்தாரா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆனால் வேலைக்கு வருகிறான்.

வேறு கம்பெனிக்காரர்கள் சிலர் இந்த அறையைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விருப்பமுள்ளவர் வரலாம் என்று அறிவிக்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள். முதலாளி முதல் வாசல் கூட்டுகிறவர் வரை எல்லோரையும் எண் வரிசையில் அனுப்புங்கள். பேச இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் கதவு ஒரே அளவு நேரம் மூடியிருக்க வேண்டும், கால் மணி நேரம். மறுபடி கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேரைச் சீட்டுப் போட்டு எடுங்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதாதீர்கள்.